இடது பாதி

டயோடுகளை நேற்றே வைத்தாயிற்று, சுவிட்சுகளைக் காலையில் வைத்தாயிற்று, இனி கேபிளைச் சொருகிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று சுகிர்தா சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிரக் கேபிளை எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்த செய்தித்தாளின் மேல் அந்தப் பலகை கிடந்தது. ஒரு கீபோர்டை நடுவில் இரண்டாக அறுத்து ஒரு பாதியை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போன மாதிரி. இன்னொரு பாதியும் வீட்டில்தான் இருக்கிறது, வலது பாதி, அலமாரி மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள், அது போன ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது, சொருகியதும் வேலை செய்தது. அதுதான் இப்போது தொந்தரவு. அது வேலை செய்யாமல் போயிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கலாம், இது நமக்கு ஆகிற காரியமில்லை என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். முதல் தடவை சரியாக வந்துவிட்டது, இரண்டாம் தடவை வராமல் போனால் அது தன்னுடைய கைக்குற்றம்தான் என்று ஆகிவிடும், கை என்று நினைத்ததும் நினைப்பை அங்கேயே வெட்டிக்கொண்டு எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பகல். அம்பத்தூரில் இந்தக் குடியிருப்பில் எந்த வீட்டுக் குக்கர் எப்போது விசில் அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும், கீழ் வீட்டில் கறி வதங்குகிறது, எதிர் வீட்டில் மிளகு வறுக்கிறார்கள். அவள் வீட்டில் மட்டும் அடுப்பு பற்றவைக்கவில்லை. கணவர் குணாளனும் மகள் தாரிணியும் விடிந்ததும் திண்டிவனத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள், குணாளனுடைய அத்தை பேத்திக்குக் கல்யாணம். நீயும் வந்துட்டுப் போயேன் சுகி, அத்தை முதல்ல உன்னத்தான் கேப்பாங்க, என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். செவ்வாய்க்கிழமைக்குள்ள எபிசோடு குடுக்கணுங்க, என்று அவள் சொன்னாள். அது பொய்யில்லை. எபிசோடு இருக்கிறது, மடிக்கணினியில் திறக்கப்படாமல் இருக்கிறது.

வேறு மொழித் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவதுதான் அவள் வேலை. எவளோ ஒரு பெண் கடலோர வீட்டில் நின்று யாரோ ஒருவனைப் பார்த்து நீளமாகப் பேசுவாள், அவள் வாய் எங்கே மூடுகிறதோ அங்கே தமிழிலும் வாய் மூட வேண்டும், ஒரு மகரமோ பகரமோ வந்து விழ வேண்டும். படத்தை ஓடவிட்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் விரல்கள் தாமாகவே எழுதும். யோசித்து எழுதினால் வராது. விரல்தான் யோசிக்கும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அது அப்படித்தான். போன ஞாயிற்றுக்கிழமை வலது பாதியைச் சொருகியதும் ஒன்றும் யோசிக்காமல் அடித்துப் பார்த்தாள். அவள் பழகிய தமிழ் விசைப்பலகையில் உயிரெழுத்து எல்லாம் இடது பக்கம், மெய்யெழுத்தில் முக்கால்வாசி வலது பக்கம். இடது பாதி இல்லாததால் கொம்பும் காலும் இல்லை, ககரத்தைத் தட்டினால் க மட்டும், ஒரே எழுத்தை இரண்டு தடவை தட்டினாலோ நகரத்துக்குப் பின் தகரத்தைத் தட்டினாலோ முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும், அவ்வளவுதான். அதிலும் சொற்கள் வந்தன. நடந்த. கடந்த. மறந்த. பறந்த. எல்லாமே பாதியில் நிற்கிற சொற்கள், எதுவும் முடியவில்லை, தாரிணி பக்கத்தில் நின்று சிரித்தாள், அம்மா இதை வெச்சு ஒரு கவிதை எழுதிடலாம்மா என்றாள். அடுத்ததாக விரல் தானாகவே தட்டியது, மரத்த. திரையில் அந்தச் சொல் நின்றது. தாரிணி படிப்பதற்குள் பழைய கீபோர்டிலிருந்து அழித்துவிட்டாள். இது என்ன மரம் பற்றிய சொல்லா, கால் மரத்துப் போகிற சொல்லா என்று அந்தப் பெண் கேட்கக்கூட மாட்டாள், அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். ஏன் அதை அழிக்க வேண்டும், யார் பார்க்கிறார்கள்.

மழைக்காலத்தில் ஆரம்பித்தது. விடிகாலையில் விழிப்பு வந்தால் வலது கை தன் கையாக இல்லாமல் பக்கத்தில் கிடக்கும், எழுந்து உட்கார்ந்து தண்ணீரை உதறுவது போல உதறுவாள், கொஞ்ச நேரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி உயிர் வரும், கட்டைவிரலுக்குக் கடைசியில் வரும். குளிர் என்று நினைத்தாள். மல்லாந்து படுக்காமல் போனதால் என்று நினைத்தாள். பிறகு பகலிலும் வந்தது. ஸ்கூட்டரின் கைப்பிடியில், காய் நறுக்குகையில், பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடும்போது சாவி கையில் இருந்தும் இல்லை என்று தேடிக்கொண்டே இருந்தாள். தாரிணியின் ரவிக்கைக் கொக்கியை மாட்டிவிட முடியவில்லை, கொக்கி சரியில்லடி என்றாள். நரம்பு மருத்துவர் கையில் ஒயர் ஒட்டி மின்சாரம் விட்டுப் பார்த்தார், இடது கை துள்ளியது, வலது கை சும்மா இருந்தது. மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்து, இங்க ஒரு வாசல் மாதிரிம்மா, அது இறுகிடுச்சு, நரம்பு நசுங்குது, சின்ன ஆபரேஷன்தான், காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம், தள்ளிப்போடாதீங்க, என்றார். வீட்டுக்கு வந்ததும் குணாளன் கேட்டார். மாத்திரை குடுத்திருக்காருங்க, கைக்கு ஓய்வு குடுக்கச் சொன்னாரு, என்று வாயில் வந்தது, வந்தபின் அதையே வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் இந்தக் கீபோர்டு, பாகம் பாகமாக வரவழைத்து வீட்டிலேயே பற்றவைத்துச் செய்துகொள்வது. மணிக்கட்டு வளையாமல், தோள் அகலத்துக்குக் கை விரிந்து, ஒவ்வொரு கைக்கும் ஒரு பாதி. யாரோ ஒரு வெளிநாட்டுப் பையன் வீடியோவில் சொன்னான், இதற்கு மாறியதிலிருந்து வலியே இல்லை என்று. வலி வேறு மரத்துப்போவது வேறு என்று அவளுக்குத் தெரியாதா, தெரியும், ஆனாலும் அந்தப் பையனின் சிரித்த முகத்தை அவள் தினமும் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

ஆபரேஷன் என்றால் லீலாவதி அக்காவின் கை ஞாபகம் வரும். ஒலிப்பதிவுக் கூடத்து கேண்டீனில் லீலாக்கா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள், குழந்தை பிடிப்பது போல. இவளைவிட ஆறேழு வயது மூத்தவள், ஒரே தொடரில் ஆளுக்கு ஓர் எபிசோடாக மாற்றி மாற்றி எழுதினவர்கள், லீலாக்கா எழுதின அழுகைக் காட்சியைப் பேசும்போது குரல் கொடுக்கிற பெண்களே அழுதுவிடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் எழுத வரவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே உள்ளங்கையில் ஒரு கோடு, கட்டைவிரலுக்கு அடியில் சதை இருக்க வேண்டிய இடம் உள்வாங்கிக் குழிந்திருந்தது. கிளாஸை வைத்துவிட்டு லீலாக்கா ஏதோ சொன்னாள். சுகி, நான், என்று ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் லிஃப்ட் வந்தது, யாரோ கூப்பிட்டார்கள், இவள் திரும்பிப் பார்த்தாள். அவள் என்ன சொன்னாள் என்று சுகிர்தா யோசித்துப் பார்ப்பதில்லை. யோசனை கேண்டீன் வரை போகும், டீ கிளாஸ் வரை போகும், அந்தக் குழி வரை போகும், லிஃப்ட் கதவு திறந்ததும் நின்றுவிடும். கத்தி வைத்தார்கள், கை போய்விட்டது. அவ்வளவுதானே.

கேபிளைச் சொருகினாள். கணினி டிங் என்றது. அப்பாடா என்று மூச்சு வெளியே வந்தது, டிங் என்றால் அந்த மைக்ரோகண்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, விரல் நீளத்தில் இருக்கும் அந்தச் சில்லுதான் மூளை, எந்தச் சுவிட்சை அழுத்தினார்கள் என்று பார்த்துக் கணினிக்குச் சொல்வது அதுதான். அகரத்தைத் தட்டினாள். ஒன்றுமில்லை. இகரம். இல்லை. எல்லாச் சுவிட்சையும் உள்ளங்கையால் தடவி அழுத்தினாள், ஒரு மூலையில் எதைத் தட்டினாலும் ஏதோ ஒன்று சம்பந்தமில்லாமல் வந்து விழுந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். டிங். ஒன்றுமில்லை. டயோடு மின்சாரத்தை ஒரு பக்கமாகத்தான் விடும், எதையாவது திருப்பி வைத்துவிட்டோமா, அதன் கறுப்புக் கோடு பலகையில் போட்டிருக்கும் சதுரக் கட்டத்தைப் பார்க்க வேண்டும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள், கோடு சரியாக இருந்தது, ஒரு வரிசை பார்த்து முடித்ததும் பார்த்தோமா பார்க்கவில்லையா என்று சந்தேகம் வந்தது, மறுபடி முதலிலிருந்து. ஈயப் பற்று விட்டுப் போயிருக்கும். சில்லு போலியாக இருக்கும். ஒருவேளை நேற்று வைக்கும்போது கை நழுவி, இல்லை, கை நழுவவில்லை. நழுவியது, ஒரு தடவை நழுவியது, ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் செய்தித்தாளில் விழுந்து ஓட்டை போட்டது, அதிலிருந்துதான் அயர்னை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையில் பலகையைப் பிடித்துக்கொண்டால் போதும். பிடிப்பதற்கு என்ன உணர்ச்சி வேண்டியிருக்கிறது.

போன் அடித்தது. பெனடிக்ட் சார், டப்பிங் கம்பெனியில் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிறவர். மேடம், ஞாயித்துக்கெழமையில தொந்தரவு பண்றேன், செவ்வாய்க்கிழமை எபிசோடோட அடுத்த மூணும் சேத்து வேணும்னு சேனல்ல கேக்கறாங்க, முடியுமா. அவள் இடது பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியும் சார். இப்பல்லாம் சில பேர் வாயால சொல்லியே எழுதிடறாங்க மேடம், போன்ல, நீங்களும் பாருங்களேன், சீக்கிரம் முடியும். பாக்கறேன் சார். அவர் வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும், போனை வைத்தபின் தெரியாமல் போனது. ஏன் அதைச் சொன்னார். போன வாரம் அனுப்பிய எபிசோடில் எழுத்துப்பிழை இருந்திருக்குமா, விரல் பட்ட இடத்திலெல்லாம் பக்கத்து எழுத்து விழுந்திருக்குமா, லீலாக்காவுக்கும் இப்படித்தான் முதலில் யாராவது நல்லவிதமாகச் சொல்லியிருப்பார்களா. லீலாக்கா போனில் சொல்லிப் பார்த்தாளாம். அழுகைக் காட்சியை வாய்விட்டுச் சொல்ல வெக்கமா இருக்குது சுகி, பக்கத்து ரூம்ல மருமக இருக்கா, என்றாளாம், இல்லை, என்றாளாம் இல்லை, தன்னிடம்தானே சொன்னாள், கேண்டீனில்தானே, அப்படியானால் லிஃப்ட் வருவதற்கு முன்பா பின்பா. சுகிர்தா எழுந்து தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு வலது பாதியை அலமாரியிலிருந்து எடுத்து வந்து இடது பாதியின் பக்கத்தில் வைத்தாள்.

வைத்ததும் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் இவ்வளவு நேரம் எப்படித் தெரியாமல் இருந்தது என்றுதான் தெரியவில்லை. இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரிப் பலகைதான் வரும், ஒன்றை நிமிர்த்திப் போட்டால் வலது, புரட்டிப் போட்டால் இடது, பலகையைப் புரட்டினால் சில்லையும் புரட்ட வேண்டும். வலது பாதியில் சில்லின் முகம் மேலே பார்த்திருந்தது. இடது பாதியிலும் மேலே பார்த்திருந்தது. இங்கே அது குப்புறக் கிடந்திருக்க வேண்டும். சில்லின் ஒவ்வொரு கம்பிக் காலும் போக வேண்டிய ஓட்டைக்கு எதிர் ஓட்டையில் போய் உட்கார்ந்திருக்கிறது. கைக்குற்றம் இல்லை என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது, மூளைக்குற்றம். அடுத்த கணம் இரண்டு வரிசைக் கால்களையும் பார்த்தாள், அத்தனை காலையும் கழற்ற வேண்டும், ஒவ்வொன்றிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்க வேண்டும், ஒரு கால் பிடிவாதம் பிடித்தாலும் சில்லு வராது, இழுத்தால் பலகையின் செம்புத் தடம் பிய்ந்துவிடும். நாளைக்குச் செய்யலாம். நாளைக்கு எபிசோடு. இன்றைக்குக் கல்யாண வீட்டிலிருந்து அவர்கள் வருவதற்குள் இரண்டு பாதியும் வேலை செய்ய வேண்டும் என்று எப்போது முடிவு செய்தாள் என்று தெரியவில்லை, ஆனால் செய்திருந்தாள். இரண்டும் வேலை செய்தால் மருத்துவரிடம் போக வேண்டியதில்லை என்று ஏதோ ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் கணக்கை யாரும் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அயர்னை மறுபடி சூடாக்கினாள். கால்களின் மேல் ஈயம் இளகுவதற்கான பசையைத் தடவினாள். ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னலை ஒரு காலின் மேல் வைத்து இடது கையால் அயர்னை அழுத்தினாள், ஈயம் மினுங்கி நெகிழ்ந்து பின்னலுக்குள் ஏறியது, சாம்பிராணிப் புகை மாதிரி ஒரு மணம் வந்தது. ஒரு கால். அடுத்த கால். இடது கைக்குப் பழக்கமில்லை, முனை நடுங்கியது, மூச்சைப் பிடித்துக்கொண்டால் நடுக்கம் குறைந்தது. வலது கை பலகையைப் பிடித்திருந்தது. நல்ல பிள்ளையாக அசையாமல் பிடித்திருந்தது. மூன்றாவது காலில் ஈயம் இளகவே இல்லை, இது கிரவுண்ட் கால், அகலமான செம்புத் தளத்தோடு சேர்ந்தது, சூட்டைப் பலகை முழுக்கப் பரத்திவிடும், இன்னும் அழுத்த வேண்டும், இன்னும் கொஞ்சம், குனிந்து கண்ணைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தால் பெனடிக்ட் சார் வேறு ஆளைப் பார்ப்பார், பார்த்த ஆளையே வைத்துக்கொள்வார், அதில் தப்பென்ன. எங்கோ கறி தீய்கிறது. கீழ் வீட்டில் அடுப்பை விட்டுவிட்டு டி.வி. பார்க்கிறார்கள். எப்போதும் அப்படித்தான், நல்ல கறியை வாங்கி வந்து அடிபிடிக்க விடுவார்கள். ஜன்னலைச் சாத்தினோமே, சாத்தினபின் எப்படி வருகிறது, இவ்வளவு கிட்டத்தில். முடி கருகுகிற மாதிரி. ஈயம் இளகியது, காலின் நுனி பளிச்சென்று தெரிந்தது, அப்பாடா என்று அயர்னை எடுக்கப் போனாள், அயர்ன் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. அயர்னின் முனைக்குப் பின்னால் இருக்கும் கம்பி, அவளுடைய வலது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் படுத்திருந்தது, எவ்வளவு நேரமாகப் படுத்திருந்ததோ, மெல்லிய ஒரு புகை அங்கிருந்துதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அயர்னைப் பிய்த்துச் செய்தித்தாளின் மேல் போட்டாள். அவள் கத்தவில்லை. கத்துவதற்கு ஒன்றும் இல்லை. யாரோ வேறொருவருடைய விரலைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். தோல் வெள்ளையாகி, நடுவில் ஒரு பழுப்புக் கோடு. வலிக்கும் என்று காத்திருந்தாள். எண்ணெய் தெறித்தால் முதலில் ஒன்றும் இருக்காது, பிறகு வரும் இல்லையா, அது போல வரும் என்று நின்றாள். கீழ் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. வரவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விரலைக் காட்டினாள், தண்ணீர் விரலில் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது, விரலுக்குத் தெரியவில்லை. இடது கையைக் காட்டினாள், ஜில்லென்றிருந்தது. வலது. இடது. வலது. குழாயடியில் நின்றுகொண்டிருந்தபோது லிஃப்ட் கதவு திறந்தது, யாரோ கூப்பிட்டார்கள், இந்தத் தடவை அவள் திரும்பவில்லை, லீலாக்கா கிளாஸை மேசையில் வைத்தாள், அது தளும்பியது, சுகி, நான், என்றாள், பயந்துக்கிட்டு ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன், அப்புறம் போனா இது வரைக்கும்தாம்மா என்னால முடியும்னு அந்த டாக்டரே வருத்தப்பட்டாரு, கத்தி ஒண்ணும் பண்ணல சுகி, நான்தான் லேட்டு. முழுதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல் விடாமல் காதில் விழுந்திருக்கிறது. லிஃப்டில் ஏறின பிறகு சுகிர்தா அதைக் கீழேயே விட்டுவிட்டு மேலே போயிருக்கிறாள்.

போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. இடது கையால் எடுத்தாள், குணாளன் பெயரைத் தொட்டாள், நாலைந்து தடவை அடித்தபின் நாதஸ்வரத்தோடு சேர்ந்து அவர் குரல் வந்தது.

"சொல்லு சுகி. சாப்பிட்டியா? இங்க இப்பத்தான் பந்தில உக்காந்தோம். அத்தை உன்னக் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"கையைச் சுட்டுக்கிட்டேங்க."

"எப்படி? அந்த சால்டரிங் வேலையிலயா? தண்ணியில காட்டினியா?"

"காட்டினேன். எரியல."

"அப்ப ஒண்ணுமில்ல. எரியலன்னா லேசாத்தான் பட்டிருக்கும். ஃப்ரிட்ஜுல களிம்பு இருக்கு பாரு, முட்டைத் தட்டுக்குக் கீழ."

அவர் அப்படிச் சொன்னதும் அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. அது மிகவும் சுலபமாக இருந்தது. களிம்பைத் தடவிக்கொண்டு, சரிங்க என்று சொல்லி, போனை வைத்துவிடலாம்.

"இல்லங்க," என்றாள். "எரியணும். தோல் வெந்து வெள்ளையாப் போயிருக்கு. விரல் மேல அயர்ன் கிடந்தது எனக்குத் தெரியவே இல்ல. வாசனை வந்துதான் பாத்தேன்."

அவர் இலை முன்னாலிருந்து எழுந்திருக்க வேண்டும், நாற்காலி இழுபடுகிற சத்தம், யாரோ என்னப்பா பாதியில எழுந்திரிக்கற என்பது, தாரிணி என்னப்பா என்பது, பிறகு நாதஸ்வரம் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கித் தெருச் சத்தம் கேட்டது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"மழைக்காலத்துலேர்ந்து. டாக்டர் ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னாரு, தள்ளிப்போடாதீங்கன்னாரு. உங்ககிட்ட மாத்திரைன்னு சொல்லிட்டேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது பேசியிருக்கலாம்.

"நான் கேக்கவும் இல்லையே," என்றார். "மாத்திரை எங்கன்னுகூடக் கேக்கல."

"பயமா இருந்துச்சுங்க."

"இப்ப?"

"இப்பவும்தான்."

"சரி. தாரிணியக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்பறேன். நீ எதையும் தொடாத. களிம்பும் வேணாம், டாக்டரே பாக்கட்டும். அந்த அயர்ன அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேங்க," என்றாள். அவளையறியாமல் வாய் அப்படித்தான் சொன்னது. சொல்லிக்கொண்டே மேசைப் பக்கம் பார்த்தாள். செய்தித்தாளின் மேல் அயர்ன் கிடந்தது, அதற்கடியில் தாள் பழுப்பேறிக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றாள். "அணைக்கல. இன்னும் சூடாத்தான் இருக்கு. லைன்லயே இருங்க, அணைச்சிட்டு வந்து சொல்றேன்."